சுகர் மாத்திரையும் முடி மருந்தும்: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் 20 வருடமாக நிற்கிறேன். எனக்கும் 9 வருடமாகச் சுகர். முன்மண்டை எப்போதோ வழுக்கையாகிவிட்டது, அதைப் பற்றிய கவலையும் போய்விட்டது. ஆனால் கவலைப்படுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். ஐ.டி. கம்பெனித் தம்பிகள், பிள்ளை பெற்று ஆறு மாதமான அக்காக்கள், பெண் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் 34 வயதுக்காரர்கள். பலர் கையில் இரண்டு சீட்டு இருக்கும். சுகர் சீட்டு வேலூரிலோ சேலத்திலோ எழுதியது. முடி சீட்டு கோரமங்கலாவில் எழுதியது. எழுதிய இருவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முதல் ஆள் பெரும்பாலும் நான்தான்.

நான் டாக்டர் இல்லை. மருந்தை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் அவர்கள் வேலை. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக, கவுண்டரில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். தலைக்கு மினாக்ஸிடில் தடவலாமா?

தடவலாம். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, சிட்டாகிளிப்டின், இன்சுலின் எதோடும் அது நேரடியாக மோதுவதில்லை. நல்ல தோலில் தடவினால் ரத்தத்துக்குள் போவது சராசரியாக 100க்கு 1.4 பங்குதான். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கும் இதற்குக் கிடையாது.

கவனிக்க வேண்டியது தலைத்தோலை. சொறிந்த புண், கொப்புளம், உரிந்த தோல் இருந்தால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். சுகர் ஏறிக் கிடக்கும் உடம்பில் அந்தப் புண் ஆறவும் நாளாகும். சிலருக்கு மருந்தைக் கரைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வரும். அவர்கள் நுரை வடிவத்தில் வருவதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வேளைக்கு 1 மி.லி. என்றால் 1 மி.லி.தான். இரண்டு மடங்கு ஊற்றினால் முடி இரண்டு மடங்கு வராது, படபடப்புதான் வரும்.

முதல் இரண்டு மாதத்தில் பலருக்கு முடி இன்னும் கூடுதலாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருகிறது என்று அர்த்தம். பாதிப் பேர் அந்தக் கட்டத்தில் பாட்டிலோடு கடைக்கு வந்து என்னோடு சண்டை போடுவார்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்தது போய்விடும். அதையும் முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம்.

மினாக்ஸிடில் ஆரம்பித்த பிறகு படபடவென்று வருகிறது. சுகர் லோ ஆகிறதா, மருந்தா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். முடி மருந்தும் சுகர் மருந்தும் சண்டை போடுவது குறைவு. ஒன்றின் அறிகுறியை இன்னொன்று மறைத்துவிடுவதும், ஒன்றுபோல் இன்னொன்று வேஷம் கட்டி வருவதும்தான் அதிகம்.

மினாக்ஸிடில் ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து. 1979ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது பிபி மாத்திரையாகத்தான். சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி முளைக்கவே, 1988ல் தலைக்குத் தடவும் திரவமாக வந்து சேர்ந்தது. ரத்தக்குழாய் விரிந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தலை கிறுகிறுக்கும். லோ சுகரிலும் அதேதான்: படபடப்பு, நடுக்கம், கிறுகிறுப்பு.

ஊகிக்காதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது லோதான். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உங்கள் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால், வீட்டுச் சர்க்கரை வேகமாக ஏறாது. சர்க்கரை குடலில் உடைவதைத் தடுப்பதுதானே அந்த மருந்தின் வேலை. அவர்கள் குளுக்கோஸ் பவுடரே வைத்திருக்க வேண்டும்.

சுகர் 110, 130 என்று காட்டி, படபடப்பு மட்டும் நிற்கவில்லையா? மினாக்ஸிடிலை நிறுத்திவைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். லோ என்று நினைத்துக் கைநிறைய இனிப்பு தின்றுவிட்டு 280ல் வந்து நின்ற தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு லோ ஆகாது. மெட்ஃபார்மின் மட்டும்தானே போடுகிறேன்?

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்து அடைத்து வருகிறது. ‘மெட்ஃபார்மின்’ என்று சொல்லி என்னிடம் வரும் அட்டைகளில் பாதிக்கு மேல் கிளிமெபிரைடும் சேர்ந்தே இருக்கும். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவைதான் லோவில் தள்ளுபவை. தனியாக மெட்ஃபார்மின், விலடாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் மட்டும் என்றால் லோ ஆவது அபூர்வம். இந்தப் பக்கத்தில் வரும் பாதி எச்சரிக்கைகள் உங்களுக்கு உண்டா இல்லையா என்பது அந்த அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

தடவுவது பிசுபிசு என்கிறது. மினாக்ஸிடில் மாத்திரையாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லையா?

இப்போது நிறைய சீட்டில் இது வருகிறது. பிபிக்குக் கொடுத்ததைவிட மிகக் குறைந்த அளவு, பெரும்பாலும் 5 மி.கி.க்கு உள்ளேதான். பலருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் தடவுவதற்குச் சொன்ன தைரியத்தை இதற்குச் சொல்ல மாட்டேன். இது முழுசாக ரத்தத்துக்குள் போகிற மருந்து. சுகர்காரர்கள் நான்கு விஷயங்களைத் தோல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதலாவது பயோகிளிட்டசோன். இது உடம்பில் நீரைத் தேக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. மினாக்ஸிடில் மாத்திரையும் நீரைத் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் கணுக்கால் வீங்கும், ஒரு வாரத்தில் எடை இரண்டு கிலோ ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. இவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும்போது தண்ணீரையும் சேர்த்துத் தள்ளும், பிபியும் கொஞ்சம் இறங்கும். அதன் மேல் மினாக்ஸிடிலும் பிபி மாத்திரையும் என்றால், படுக்கையிலிருந்து சடாரென்று எழும்போது கண் இருட்டும்.

மூன்றாவது சிறுநீரகம். மினாக்ஸிடில் வெளியேறுவது அந்த வழியாகத்தான். கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும்.

நான்காவது, படபடப்பை அடக்கச் சிலர் கூடவே சேர்த்து எழுதும் மெட்டோபிரோலால் அல்லது புரோபிரானலால். அது படபடப்பை அடக்கும். ஆனால் லோ சுகர் வரும்போது உங்களை எழுப்பிவிடும் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் சேர்த்தே அடக்கிவிடும். மிஞ்சுவது வியர்வை மட்டும். இன்சுலினோ கிளிமெபிரைடோ போடுகிறவர், காரணமே இல்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே சுகர் பார்க்க வேண்டும்.

ஃபினாஸ்டிரைடு சுகரை ஏற்றுமா?

ஆண்களின் வழுக்கைக்கு எழுதும் மாத்திரை இது. சுகர் மருந்துகளோடு இதற்குக் குறிப்பிடத்தக்க மோதல் இல்லை. 2019ல் பிரிட்டன், தைவான் நோயாளிப் பதிவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வில், புராஸ்டேட் வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடோ டூட்டாஸ்டிரைடோ சாப்பிட்ட ஆண்களுக்கு, வேறு வகை மருந்து சாப்பிட்டவர்களைவிடப் புதிதாகச் சுகர் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அவர்கள் வயதானவர்கள். புராஸ்டேட்டுக்கு ஃபினாஸ்டிரைடு 5 மி.கி., முடிக்குக் கொடுப்பது 1 மி.கி. பயப்படத் தேவையில்லை, ஆரம்பித்த பிறகு வழக்கமான சுகர் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்தால் போதும்.

நான் பெரிதாக நினைப்பது வேறு. ஃபினாஸ்டிரைடு சிலருக்கு ஆசையையும் விறைப்பையும் குறைக்கும். பல வருடச் சுகரும் அதையே செய்யும். நடுவில் பிபி மாத்திரையும் இருக்கும். யாரைக் குற்றம் சொல்வது? மருந்து ஆரம்பிக்கும் முன்பே இந்த விஷயத்தில் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் பிறகு ஒப்பிட முடியும். கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விடுகிறவர்கள்தான், பிறகு கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து ரகசியக் குரலில் வேறு மாத்திரை கேட்கிறார்கள். மனச்சோர்வு தட்டினாலும் சொல்ல வேண்டும்.

புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் இந்த மருந்து அளவைச் சுமார் பாதியாகக் காட்டும். 50 தாண்டியவர்கள் இதைச் சொல்ல மறக்கக் கூடாது. ரத்ததானம் செய்கிறவர்கள் நிறுத்தி ஒரு மாதம் பொறுக்க வேண்டும். டூட்டாஸ்டிரைடு என்றால் ஆறு மாதம்.

5 மி.கி. மாத்திரையை வாங்கி நாலாக உடைத்துச் சாப்பிடும் சிக்கன வழியை நண்பர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேண்டாம். உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் பாதிக்கும். மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டிரைடு கலந்த லோஷனும் கடைகளில் இருக்கிறது. கணவர் பாட்டிலில் இருந்து மனைவி எடுத்துத் தடவுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது, அதனால் சொல்கிறேன்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. மெட்ஃபார்மினோடு ஸ்பைரனோலாக்டோன் எழுதியிருக்கிறார்கள்.

வகிடு அகலமாகிக்கொண்டே போகும் பெண்களுக்கு இது பழக்கமான மருந்து. மெட்ஃபார்மினோடு பிரச்சினை இல்லை. பிரச்சினை பொட்டாசியத்தில். ஸ்பைரனோலாக்டோன் அதை உடம்பில் தங்கவைக்கும். சுகர்காரர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற எழுதும் ரமிப்ரில், டெல்மிசார்டன் மாத்திரைகளும் அதையே செய்யும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆரம்பிக்கும் முன்னும், பிறகு சில வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். மத்தூர் இளநீர் மூலைக்கு மூலை கிடைக்கிற ஊர் இது. ஸ்பைரனோலாக்டோனும் ரமிப்ரில், டெல்மிசார்டன் வகையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் தினம் இரண்டு இளநீர் குடிக்கும் பழக்கத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கும்.

ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதால் கூடவே கர்ப்பத்தடை மாத்திரை இருக்கும். இதற்கு நடுவில் எடைக்காகவோ சுகருக்காகவோ டிர்செபடைடு ஊசி ஆரம்பித்தால், அந்த மாத்திரை உடம்பில் சேர்வது குறையலாம். ஊசி தொடங்கிய 4 வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த 4 வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு தடுப்பு வேண்டும். மூன்று மருந்தையும் மூன்று டாக்டர் எழுதியிருந்தால் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எடை குறைக்கும் ஊசி போட்ட பிறகுதான் முடி கொத்தாகக் கொட்டுகிறது. ஊசியை நிறுத்தலாமா?

மவுஞ்சாரோ (மேலே சொன்ன டிர்செபடைடு) 2025 மார்ச்சிலும் வெகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நின்றபாடில்லை. வெகோவியில் இருக்கும் செமாக்ளுடைடு சோதனைகளில், மருந்து போட்ட பெரியவர்களில் 100க்கு 3 பேரும், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 1 ஆளும் முடி கொட்டுவதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் இது வேகமாக எடை குறைவதால் வருவது. உடம்புக்கு ஓர் அதிர்ச்சி கிடைத்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பங்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும். டெங்கு வந்து போன பிறகும், பிரசவத்துக்குப் பிறகும், சுகர் 400ல் கிடந்து எடை இறங்கிய பிறகும் நடப்பது இதுவேதான்.

அதனால் முடி கொட்டுகிறது என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது: மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது? அங்கே பதில் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம், ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஊசி போடுகிறவர்கள் பசியே இல்லை என்று காலையில் ஒரு இட்லி, ராத்திரி ஒரு தம்ளர் மோர் என்று ஓட்டுகிறார்கள். முடி என்பது புரதம். முட்டை, பருப்பு, சுண்டல், பன்னீர், மீன் எதையாவது ஒவ்வொரு வேளையும் உள்ளே தள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவு கேட்டுக்கொள்ளட்டும். சுகருக்காகப் போடும் ஊசியை முடிக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மெட்ஃபார்மின்தான் முடியைக் கொட்டவைக்கிறது என்கிறார்களே?

அப்படிச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறையும், இது உறுதி. சைவக்காரர்களுக்கும், வருடக்கணக்கில் அசிடிட்டிக்குப் பான்டோபிரசோல் சாப்பிடுகிறவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் குறையும். கால் மரத்துப்போவதை எல்லாம் ‘சுகர் நரம்பு’ என்று தள்ளிவிடாமல் ஒருமுறை பி12 பாருங்கள். முடிக்காக ரத்தம் எடுக்கும்போதே ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) இவற்றோடு அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

பயோட்டின் சாப்பிடலாமா? அது வெறும் வைட்டமின்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன், இத்தனை வருடம் மருந்து விற்றுவிட்டு. நாலு வருடத்துக்கு முன் நகம் உடைகிறது என்று 10 மி.கி. பயோட்டின் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். நம் கடைதானே, காசா பணமா. வருடாந்திரப் பரிசோதனையில் தைராய்டு எகிறிக் கிடப்பதாக ரிப்போர்ட் வந்தது. டிஎஸ்ஹெச் அடிமட்டம், டி4 உச்சம். வீட்டில் மனைவி அழாத குறை. டாக்டர் மருந்து எழுதப் பேனாவை எடுத்தவர், “வேறு ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். நல்லவேளை, கேட்டார். ஒரு வாரம் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

பயோட்டின் சுகரை ஏற்றாது, இறக்காது, சுகர் மாத்திரையோடு மோதாது. அது பரிசோதனையை ஏமாற்றும். பல லேப் இயந்திரங்கள் பயோட்டினையே ஒரு பசைபோல் பயன்படுத்தி அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் கணக்கு குழம்பும். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். நாம் விழுங்குவது 10,000. தைராய்டைவிட எனக்குப் பயம் தருவது டிரோபோனின். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் அந்தப் பரிசோதனை, பயோட்டினால் குறைவாகக் காட்டலாம். அப்படித் தவறாகக் குறைந்து காட்டி ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்ததை அடுத்து 2017ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சுகர்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வருவது உண்டு. அந்த நேரத்தில் ரத்தமும் பொய் சொன்னால் என்ன ஆகும்?

ரத்தம் கொடுக்குமுன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள், 10 மி.கி. அளவுக்குக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டினால் முடி வளர்வதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. அப்புறம், கம்மி மிட்டாய் வடிவத்தில் வருவதில் சர்க்கரை இருக்கிறது. சுகர்காரர் அதை வாங்கிப் போவதைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டதும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) குறைந்துவிட்டது. முடி மருந்து சுகரையும் குறைக்கிறதா?

இல்லை. இரும்பு குறைந்து ரத்தசோகை இருக்கும்போது ஹெச்பிஏ1சி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்பு ஏறிப் புது ரத்த அணுக்கள் வந்ததும் இறங்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சுகர் மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். விரல் குத்திப் பார்க்கும் அளவே அப்போதைக்குச் சாட்சி. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்புக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

புழுவெட்டுக்கு ஊசி போடச் சொல்கிறார்கள். சுகர் ஏறுமா?

புழுவெட்டு புழுவால் வருவதில்லை. உடம்பின் பாதுகாப்புப் படையே முடி வேரைத் தாக்குவது. டைப் 1 சுகரும் இதே குடும்பம்தான், தைராய்டும் அடிக்கடி கூட வரும்.

முடி போன வட்டத்துக்குள் போடும் டிரையாம்சினலோன் ஊசி ஒரு ஸ்டீராய்டு. அளவு சிறியது, இருந்தாலும் சில நாள் சுகர் ஏறலாம். வாய்வழி ஸ்டீராய்டு என்றால் நிச்சயம் ஏறும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பெரும்பாலும் சனி ஞாயிறில், பீட்டாமெத்தசோன் சாப்பிடும் முறை நம் நாட்டில் பழக்கத்தில் இருக்கிறது. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஸ்டீராய்டு ஏற்றுவது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாயங்காலமும்தான். மருந்து சாப்பிடும் நாளிலேயே அந்த நேரத்தில் பாருங்கள். மூன்று மாதச் சராசரியில் இந்த இரண்டு நாள் உச்சம் அமுங்கிப்போகும். ஊசி போடும் தேதியைச் சுகர் டாக்டருக்கு முன்கூட்டியே சொல்வது நல்லது.

டோஃபாசிடினிப், பாரிசிடினிப் என்று புதிய மாத்திரைகளும் புழுவெட்டுக்கு வருகின்றன. இவை எதிர்த்திசையில் போகும். சுகர் மருந்து சாப்பிடுகிறவர்கள் இவற்றைத் தொடங்கியபோது லோ ஆனதாகத் தகவல்கள் வந்து, ஐரோப்பிய மருந்துக் குறிப்பில் எச்சரிக்கையே சேர்த்திருக்கிறார்கள். தொற்று அபாயமும் உண்டு. இதை டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே வேண்டாம்.

பொடுகுக்கு என்ன செய்வது?

கீட்டோகொனசோல் ஷாம்பு தாராளமாகப் போடலாம். ஆனால் வாய்வழி ஃபுளூகோனசோல் எழுதினால் நிறுத்திக் கேளுங்கள். அது கிளிமெபிரைடு உடம்பில் இருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், சுகர் லோ ஆகும்.

பெங்களூரு தண்ணீர்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

ஊருக்கு வந்த ஒவ்வொரு தமிழரும் முதல் வருடத்தில் சொல்லும் வசனம். போர்வெல், டேங்கர் தண்ணீர் உப்பாக இருப்பது உண்மை. முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது நடுவில் அறும். வழுக்கை அதனால் விழுவதில்லை. உதிர்ந்த முடியின் நுனியைப் பாருங்கள். வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, இல்லையென்றால் அறுந்தது. அறுந்ததற்குக் கடைசியாக ஒரு சொம்பு காவிரித் தண்ணீர் ஊற்றினால் போதும். வேரோடு வருவதற்கு டாக்டர்.

பிஆர்பி, டெர்மா ரோலர், முடி நடுதல்?

டெர்மா ரோலர் என்பது குட்டி ஊசிகள் பதித்த உருளை. அதை வீட்டில் சுகர்காரர்கள் உருட்ட வேண்டாம். நூற்றுக்கணக்கில் ஓட்டை போட்டு அதன் மேல் மினாக்ஸிடில் ஊற்றுவது இரண்டு வகையிலும் தப்பு.

பிஆர்பி உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் குத்துவது. சுகர் மருந்தோடு மோதாது. சுகர் கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல் சாப்பிடுகிறீர்களா என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் உட்கார வேண்டாம். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தியும் போகாதீர்கள்.

முடி நடுவது ஆறு, எட்டு மணி நேர வேலை. சுகர் கட்டுக்குள் இல்லாமல் போனால் நட்டது பிடிக்காது, புண்ணும் ஆறாது. காலையில் கிளிமெபிரைடைப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனால் நாற்காலியிலேயே லோ ஆகும். அன்றைக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். குளுக்கோமீட்டரையும் குளுக்கோஸையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், சுகர் கொஞ்சம் ஏறிக் காட்டலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கவுண்டருக்கு அந்தச் சீட்டு வரும். நெற்றி வீங்காமல் இருக்க ஸ்டீராய்டு, அது சுகரை ஏற்றும். தொற்று வராமல் இருக்க சிப்ரோஃபுளோக்சசின் அல்லது லெவோஃபுளோக்சசின், அது கிளிமெபிரைடோடு சேர்ந்தால் லோவில் தள்ளும். ஒரே சீட்டில் ஒன்று மேலே இழுக்கும், இன்னொன்று கீழே இழுக்கும். அந்த வாரம் தினம் நாலு தடவை விரலைக் குத்துவது வீண் செலவு இல்லை.

யார் செய்கிறார் என்பதையும் கேளுங்கள். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற டாக்டர்தான் முடி நட வேண்டும், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்தது பயிற்சி ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. அப்படி எழுத வேண்டிய நிலைமை வந்ததை யோசித்துப் பாருங்கள்.

கரிசலாங்கண்ணி எண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம்?

தலைக்குத் தடவினால் சுகர் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. மைசூரு மாவட்டம் ஹுன்சூர் பக்கம் ஹக்கிபிக்கி பழங்குடி மக்கள் காய்ச்சும் எண்ணெயைக் கொண்டுவந்து காட்டினாலும் இதையேதான் சொல்வேன். வெந்தயத்தைத் தினமும் ஸ்பூன் கணக்கில் தின்றால் சுகர் கொஞ்சம் இறங்கும், லோ ஆகிற மாத்திரைக்காரர்கள் கவனிக்கட்டும். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடியையும் லேகியத்தையும் மட்டும் வாங்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது உங்கள் குளுக்கோமீட்டர்தான்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா?

வளராது. வேண்டுதல் என்றால் போடுங்கள். புது பிளேடா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மூச்சு முட்டல், நெஞ்சில் அழுத்தம், மயக்கம், ஒரே நாளில் முகமோ காலோ வீங்குவது, குளுக்கோஸ் குடித்தும் 70ஐத் தாண்டாத சுகர், 300க்கு மேல் நின்று வாந்தியும் வருவது. தலையில் நட்ட இடத்தில் சீழும் காய்ச்சலும். டாபாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவருக்கு வாந்தியும் வயிற்று வலியும் வந்தால், சுகர் 200 என்று காட்டினாலும் காத்திருக்காதீர்கள். இரண்டு சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அங்கே பேசுவதற்கு மூச்சு வீணாகாது.

வீட்டில் பூனை இருக்கிறது. மினாக்ஸிடில் தடவலாமா?

சிரிக்காதீர்கள், இதையும் கேட்டார்கள். மினாக்ஸிடில் பூனைக்கு விஷம். தலையணை உறையில் ஒட்டியதை நக்கினாலே ஆபத்து. தடவிக் காய்ந்த பிறகு படுங்கள், கையைக் கழுவுங்கள், பூனையைக் கட்டில் பக்கம் விடாதீர்கள்.